பழைய வீட்டில் ஏசி டக்ட், சிம்னிக் குழாய், காற்றோட்டம்: டெல்டாப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர் பக்கம் ஏசி, டக்ட் வேலை பார்க்கிறவர்களிடம் வீட்டுக்காரர்கள் போனில் கேட்பவை பெரும்பாலும் இந்தக் கேள்விகள்தான். 1980, 90களில் ஊருக்கு வெளியே மனை வாங்கிக் கட்டிய வீடுகளையும், அதற்கு முந்தைய ஓட்டு வீடு, மெட்ராஸ் டெரஸ் (மர விட்டத்தின் மேல் செங்கல் அடுக்கிய கூரை) வீடுகளையும் மனதில் வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன். புது அபார்ட்மென்ட்டுக்கும் பாதி பொருந்தும்.

எங்கள் வீட்டில் இரண்டு ஸ்பிளிட் ஏசி இருக்கிறது. "டக்ட் கிளீனிங்" செய்ய வேண்டுமா?

வேண்டாம். உங்கள் வீட்டில் டக்டே இல்லை.

ஒரு இடத்தில் குளிர வைத்த அல்லது சூடாக்கிய காற்றைத் தகரக் குழாய் வழியாகப் பல அறைகளுக்கு அனுப்பினால் அந்தக் குழாய்க்குப் பெயர் டக்ட். அமெரிக்கா, கனடாவில் குளிர்காலத்தில் வீடு முழுக்கச் சூடாக்க வேண்டும் என்பதால் தனி வீடுகளில்கூட இது சாதாரணம். அங்கே டக்டைச் சுத்தம் செய்வது ஒரு பெரிய தொழில். அந்த விளம்பர வாசகம்தான் மொழிபெயர்ந்து இங்கே நோட்டீஸில் வருகிறது. ஸ்பிளிட் ஏசியில் அறைக்காற்று சுவரில் மாட்டியிருக்கும் பெட்டிக்குள் போய் அப்படியே திரும்பி வருகிறது, அவ்வளவுதான். அதற்குத் தேவை ஒழுங்கான சர்வீஸ்.

ஆனால் டெல்டாவில் டக்ட் உள்ள வீடே இல்லை என்று சொல்ல முடியாது. கூத்தாநல்லூர், அய்யம்பேட்டை, ராஜகிரி, அதிராம்பட்டினம் பக்கம் வெளிநாட்டுச் சம்பாத்தியத்தில் கட்டிய பெரிய வீடுகள் சிலவற்றில் ஹாலுக்கு மட்டும் டக்டபிள் ஏசி போட்டிருப்பார்கள். கீழே கிளினிக் அல்லது ஜவுளிக்கடை, மேலே வீடு என்று இருக்கும் கட்டடங்களிலும் உண்டு. கல்யாண மண்டபங்களைச் சொல்லவே வேண்டாம்.

டக்ட் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? வீடு வாங்கியே ஆறு மாதம்தான் ஆகிறது.

ஃபால்ஸ் சீலிங்கில் அலுமினியக் கிரில் வழியாகக் குளிர்க் காற்று வரும். சுவரில் பெட்டி தெரியாது, சின்ன ஸ்விட்ச் போன்ற தெர்மோஸ்டாட் மட்டும் இருக்கும். சீலிங்கில் சதுரமாக நாலு பக்கமும் காற்று விடும் பெட்டி இருந்தால் அது கேசட் ஏசி, அதற்கும் டக்ட் கிடையாது.

டக்ட் இருக்கிறது. வருஷா வருஷம் சுத்தம் செய்ய வேண்டுமா?

தேவையில்லை. இதை இந்த வேலை பார்க்கிற என் வாயாலேயே கேட்டுக்கொள்ளுங்கள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வீட்டு டக்டுகளைப் பற்றிச் சொல்வதும் இதுதான்: குறித்த காலத்துக்கு ஒரு முறை என்று கணக்கு வைத்துச் செய்ய வேண்டியதில்லை, தேவைப்படும்போது செய்தால் போதும். எப்போது தேவை? உள்ளே கண்ணுக்குத் தெரியும்படி பூஞ்சை பிடித்திருந்தால், எலியோ பூச்சியோ குடியிருந்தால், தூசி அடைத்துக் கிரில் வழியாகத் துகள் அறைக்குள் கொட்டினால். இந்த மூன்றும் இல்லாத டக்டில் மெல்லிய தூசிப் படலம் இருப்பது இயல்பு. அது தகரத்தில் ஒட்டிக்கொண்டு கிடக்கும், உங்களை ஒன்றும் செய்யாது.

மூன்றில் எது இருந்தாலும், அது ஏன் வந்தது என்று பார்க்காமல் சுத்தம் மட்டும் செய்தால் பணம் தண்டம். நம் பக்கத்தில் பத்துக்கு எட்டு இடத்தில் காரணம் ஈரமாகத்தான் இருக்கும். ஈரம் எங்கிருந்து வருகிறது என்று காட்டாமல் பிரஷ்ஷை எடுக்கிறவரை உள்ளே விடாதீர்கள்.

அம்மாவுக்கு ஆஸ்துமா. டக்டைச் சுத்தம் செய்தால் குறையுமா?

அப்படி யாராவது உறுதி சொன்னால் நம்பாதீர்கள். டக்டைச் சுத்தம் செய்வதால் நோய் வராமல் தடுக்க முடியும் என்று நிரூபணமாகவில்லை. அதே அமெரிக்க முகமை இதையும் வெளிப்படையாக எழுதி வைத்திருக்கிறது. பூஞ்சை இருந்தால் அதை எடுப்பது நல்லது, அதில் சந்தேகமில்லை. ஆனால் அம்மாவின் கட்டில் ஓதம் ஏறும் சுவரை ஒட்டிக் கிடக்கிறதா, கொசுவர்த்திச் சுருள் ராத்திரி முழுக்கப் புகைகிறதா, மூடிய அறையில் சாம்பிராணி போடுகிறீர்களா என்பதை முதலில் பாருங்கள். மருந்து விஷயம் டாக்டரிடம்.

உள்ளே எப்படி இருக்கிறது என்று நானே பார்க்க முடியுமா?

முடியும், கால் மணி நேர வேலை. மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு, உறுதியான ஏணி போட்டு, கிரில்லின் திருகுகளைக் கழற்றுங்கள். செல்போனில் டார்ச்சைப் போட்டு வீடியோவில் வைத்து, கையை உள்ளே நீட்டி மெதுவாகத் திருப்புங்கள். பிறகு கீழே உட்கார்ந்து நிதானமாகப் பாருங்கள். சாம்பல் நிறத் தூசி என்றால் கவலை வேண்டாம். கறுப்பு அல்லது பச்சைப் புள்ளிகள் கூட்டமாக இருந்தால் பூஞ்சையாக இருக்கலாம். அரிசி மாதிரி நீளவாட்டில் கறுப்பாகக் கிடப்பவை எலிப் புழுக்கை. தகரத்தில் தண்ணீர் ஓடிய கோடு, துரு, தொங்கும் வெள்ளித்தாள் இருக்கின்றனவா என்றும் கவனியுங்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். கிரில்லைச் சுற்றிச் சீலிங்கில் கறுப்பு வளையம் விழுந்திருந்தால் உடனே டக்டைக் குறை சொல்கிறோம். பெரும்பாலும் அது அறையின் சொந்தத் தூசிதான். வேகமாக வரும் குளிர்க் காற்று அக்கம்பக்கத்துக் காற்றையும் இழுத்துக்கொண்டு போகும்போது அதிலுள்ள புகையும் தூசியும் ஈரமான விளிம்பில் ஒட்டிக்கொள்கின்றன. ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள். சீக்கிரமே மறுபடி வந்தால் ஃபில்டரையும் பூஜை அறைப் புகையையும் சந்தேகப்படுங்கள்.

ஏசி போட்டதும் ஈரத்துணி நாற்றம் வருகிறது. டக்டிலிருந்தா?

டக்ட் கடைசிச் சந்தேகமாக இருக்கட்டும். குளிர்க் காயிலில்தான் (கேஸ் ஓடும் குழாய்ச் சுருள்) காற்றின் ஈரம் தண்ணீராகிறது. அது காயிலுக்குக் கீழே உள்ள தட்டில் விழுந்து, டிரைன் பைப் வழியாக வெளியே போக வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் காற்றே ஈரமாக இருக்கும்போது தட்டில் எப்போதும் தண்ணீர் நிற்கும். அதில் தூசி சேர்ந்தால் வழவழவென்று பாசி மாதிரி ஒரு கூழ் உண்டாகும். நாற்றத்தின் ஊற்று பெரும்பாலும் அதுதான்.

டிரைன் பைப்பை வெளியே போய்ப் பாருங்கள். வழி நெடுக வாட்டம் இருக்க வேண்டும். நடுவில் தொய்ந்தால் அங்கே தண்ணீர் தேங்கி, காற்று அடைத்து, மேலே தட்டு நிரம்பிவிடும். பைப்பின் முனை சாக்கடைத் தண்ணீரில் முங்கியிருக்கக் கூடாது. முங்கினால் தண்ணீர் வடிவதும் கெடும், சாக்கடை வாடை பைப்பிலேயே ஏறி அறைக்கும் வரும். செம்பருத்திச் செடிக்குத் தண்ணீர் போகட்டும் என்று பைப்பை மண்ணுக்குள் சொருகி வைக்கிறவர்களும் உண்டு. எறும்பு மண் கட்டி அடைத்துவிடும். தரைக்கு ஒரு சாண் மேலே நிறுத்துங்கள், செடிக்கு வாளி வைத்து ஊற்றிக்கொள்ளலாம்.

தட்டு, டிரைன், காயில், புளோயர் (உள்ளே காற்றைத் தள்ளும் விசிறி) நான்கையும் கழுவிய பிறகும் நாற்றம் இருந்தால் அப்புறம் டக்டைப் பார்க்கலாம்.

ஃபால்ஸ் சீலிங்கில் மஞ்சள் கறை வட்ட வட்டமாக விழுகிறது. மொட்டைமாடி ஒழுகல் என்று கொத்தனார் சொல்கிறார், ஏசிக்காரர் டக்ட் என்கிறார். யார் சொல்வது சரி?

மழை பெய்யாத நாளில், ஏசி ஓடினால் மட்டும் கறை ஈரமாகிறதா என்று பாருங்கள். ஆமாம் என்றால் ஏசிக்காரர் சொல்வது சரி. மழைக்குப் பிறகு, ஏசி போடாமலே ஈரமானால் கொத்தனார். இரண்டும் சேர்ந்து இருக்கும் வீடுகளும் உண்டு, அங்கே இரண்டு பேரும் சரி.

ஏசி காரணமாக இருந்தால், ஒன்று டிரைன் தட்டு வழிகிறது. இல்லையென்றால் டக்ட் வியர்க்கிறது. 30 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்று சுமார் 26 டிகிரிக்குக் கீழே உள்ள எந்தப் பரப்பைத் தொட்டாலும் அதிலுள்ள ஈரம் தண்ணீராக மாறும். ஐஸ் மோர் டம்ளரின் வெளிப்பக்கம் வேர்ப்பது இதனால்தான். டக்டுக்குள் ஓடும் காற்று 12 முதல் 15 டிகிரி வரை இருக்கும். சீலிங்குக்கு மேலே உள்ள பொந்தில் சூடான ஈரக் காற்று நிற்கிறது. நடுவில் இருப்பது தகரமும், அதன்மேல் சுற்றிய இன்சுலேஷனும் மட்டும். அந்த இன்சுலேஷன் எங்கே கிழிந்ததோ அங்கே சொட்டும்.

சீலிங்கில் ஒரு பலகையைத் தள்ளிப் பார்த்தால் விஷயம் புரிந்துவிடும். பழைய வேலையில் கண்ணாடி நார்ப் பஞ்சை வெள்ளித்தாளோடு சுற்றியிருப்பார்கள். மூட்டுகளில் ஒட்டிய டேப் பசை காய்ந்து நாக்கு மாதிரி தொங்கும். அந்த இடத்தில் பஞ்சு நனைந்து, கனத்து, அடிப்பக்கம் தொப்பையாக இறங்கியிருக்கும். விரலால் அமுக்கினால் பழுப்புத் தண்ணீர் வரும். கறை வட்டம் கச்சிதமாக அதற்கு நேர் கீழே இருக்கும். நனைந்த கண்ணாடிப் பஞ்சைக் காயவைத்து மறுபடி கட்டுவதில் பிரயோஜனம் இல்லை, அறுத்து எறிந்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். நம் ஊர் ஈரத்துக்குத் தண்ணீர் குடிக்காத நைட்ரைல் ரப்பர் ஷீட் மேல். விலை கூடுதல், ஆனால் எனக்கு அதில்தான் நம்பிக்கை. மூட்டு, வளைவு, கிரில் கழுத்து என்று இண்டு இடுக்கு விடாமல் ஒட்டினால்தான் பலன். கிரில் கழுத்தை விட்டுவிட்டு வேலையை முடித்தவர்கள் நிறைய.

அடைமழைக் காலத்தில் 18 டிகிரியில் வைத்து ஓட்டினால் நல்ல டக்டும் வியர்க்கும். 2020 முதல் இந்தியாவில் வரும் அறை ஏசிகள் போட்டதும் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அதிலேயே விட்டுவிட்டு மின்விசிறியையும் போட்டுக்கொள்ளுங்கள்.

முறையான டக்ட் சுத்தம் என்றால் என்னென்ன செய்வார்கள்?

தெரிந்துகொண்டால் ஏமாற மாட்டீர்கள், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் ஏசியை நிறுத்தி, வீட்டுச் சாமான்களுக்குப் பாலிதீன் விரிப்பார்கள். எல்லாக் கிரில்லையும் கழற்றி, வாய்களைத் தற்காலிகமாக அடைப்பார்கள். ஒரு முனையில் பெரிய வாக்யூம் இயந்திரத்தை இணைத்து டக்டுக்குள் இருக்கும் காற்றை இழுத்துக்கொண்டே இருப்பார்கள். இழுப்பு இருந்தால்தான் கலைத்த தூசி வீட்டுக்குள் பறக்காது. அந்த இயந்திரத்தில் ஹெப்பா ஃபில்டர் இருக்க வேண்டும், 0.3 மைக்ரான் அளவுத் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிப்பதுதான் அதன் தரம். இல்லையென்றால் ஒரு பக்கம் இழுத்து மறுபக்கம் உங்கள் ஹாலிலேயே ஊதிவிடும். அப்புறம் இன்னொரு முனையிலிருந்து சுழலும் பிரஷ்ஷோ காற்றுச் சாட்டையோ (அழுத்தக் காற்றில் துள்ளி அடிக்கும் சின்னக் குழாய்) விட்டுத் தட்டித் தட்டிக் கொண்டு வருவார்கள். குழாய் நீளமாக இருந்தால் நடுவில் சின்னக் கதவு வெட்ட வேண்டியிருக்கும். வேலை முடிந்ததும் அந்தக் கதவைத் தகரம் வைத்து மூடி, சீலன்ட் பூசி, மேலே இன்சுலேஷன் ஒட்ட வேண்டும். ஒட்டாமல் போனால் அடுத்த கறை அங்கேதான்.

டக்டோடு காயில், டிரைன் தட்டு, புளோயர், ரிட்டர்ன் வழி (அறைக்காற்று இயந்திரத்துக்குத் திரும்பும் பாதை) எல்லாம் சேர்ந்தே சுத்தமாக வேண்டும். ஒன்றை விட்டாலும் அதிலுள்ள அழுக்கு சுத்தமான பகுதிக்குப் போய்ச் சேரும். முன்னும் பின்னும் உள்ளே எடுத்த வீடியோவைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

தகர டக்டுக்குத்தான் பிரஷ். அலுமினியத் தாளும் கம்பியுமாக இருக்கும் ஃபிளெக்சிபிள் குழாயில் பிரஷ் விட்டால் கிழியும். உட்புறம் பஞ்சு ஒட்டிய டக்டில் நார் பிய்ந்து வீடெல்லாம் பறக்கும். சாதாரண வீட்டு வாக்யூம் கிளீனரோடு வந்து, வாயில் துணி கட்டிக்கொண்டு, கிரில் பக்கத்தில் ஒரு முழம் உறிஞ்சிவிட்டு "ஆச்சு சார்" என்பவர்களுக்குக் காபி கொடுத்து அனுப்பிவிடலாம்.

கிருமிநாசினி மருந்து அடிக்கச் சொல்கிறார்களே?

வேண்டாம் என்பேன். பூஞ்சையைத் துடைத்து எடுத்து, ஈரத்தை நிறுத்தினால் மருந்துக்கு வேலை இல்லை. ஈரம் நிற்காவிட்டால் மருந்து அடித்தும் திரும்ப வரும். நடுவில் அந்த மருந்தைச் சுவாசிக்கப் போவது நீங்கள்தான்.

எலி, பல்லி, புறா, குளவி: எது எங்கே கூடு கட்டும்?

வயல் பக்கத்து வீடுகளில் அறுவடை முடிந்ததும் எலிகள் வீட்டுப் பக்கம் திரும்பும். தூணை, கேபிளைப் பிடித்து ஏறி ஃபால்ஸ் சீலிங்குக்குள் போய்விட்டால், டக்டையும் இயந்திரத்தையும் இணைக்கும் கான்வாஸ் துணியைத்தான் முதலில் கடிக்கும். அந்த ஓட்டை வழியாக உள்ளே போய்ப் பஞ்சில் படுத்துக்கொள்ளும். சில வீடுகளில் தனி ரிட்டர்ன் குழாயே வைக்காமல், சீலிங்குக்கு மேலுள்ள வெற்றிடத்தையே ரிட்டர்னாக விட்டிருப்பார்கள். அங்கே எலி இருந்தால் அதன் புழுக்கைத் தூளும் மூத்திர வாடையும் நேராக உங்கள் படுக்கைக்கு வரும். இப்படிப்பட்ட வேலையைக் கண்டால் நான் சுத்தம் பற்றிப் பேசுவதே இல்லை, முதலில் ரிட்டர்னுக்குத் தகரக் குழாய் போடச் சொல்வேன்.

புழுக்கையை உலர்ந்த நிலையில் துடைப்பத்தால் கூட்டாதீர்கள். பிளீச்சிங் கலந்த தண்ணீரைத் தெளித்து ஊறவிட்டு, மாஸ்க், கையுறை போட்டு ஈரத்துணியால் எடுங்கள். வௌவால் எச்சத்துக்கும் இதே முறைதான். பழைய வீட்டுப் பரணில் அது மூட்டைக் கணக்கில் கிடக்கும்.

பல்லிக்குப் பிடித்த இடம் ஏசியின் சர்க்யூட் போர்டு. கதகதப்பாக இருக்கும் என்று போய் உட்கார்ந்து, இரண்டு முனையைத் தொட்டுத் தானும் செத்துப் போர்டையும் எரித்துவிடும். ஒயர் நுழையும் ஓட்டைகளை அடைப்பது ஒன்றே வழி. புறா எக்ஸாஸ்ட் ஓட்டையிலும் அவுட்டோர் யூனிட்டின் முதுகிலும் கூடு கட்டும், வலை போடுங்கள். சிம்னிக் குழாயின் வெளிமுனையில் குளவி மண் கூடு கட்டும். தேனீ என்றால் நாங்கள் தொட மாட்டோம், தேன் எடுப்பவர்களைக் கூப்பிடுங்கள்.

அறுவடை நேரத்தில் மட்டும் ஏசி குளிர்வதில்லை. ஏன்?

வயலை ஒட்டிய நகர்களில் இது வழக்கம். குறுவை அறுவடை புரட்டாசி, ஐப்பசியிலும் சம்பா, தாளடி அறுவடை தை, மாசியிலும் வருகிறது. அறுவடை இயந்திரம் கிளப்பும் தூசியும், ரோட்டில் காயும் நெல்லின் சுணையும், நவீன அரிசி ஆலைகளின் உமிச் சாம்பலும் காற்றில் ஒன்றாக மிதக்கும். அவுட்டோர் யூனிட்டின் பின்பக்கத் தகடுகளைப் பாருங்கள். வைக்கோல் துணுக்கும் சாம்பலும் சேர்ந்து கம்பளி போர்த்திய மாதிரி ஒரு படலம் இருக்கும். விரலால் உரித்தால் பட்டை பட்டையாக வரும். சூடு வெளியே போக வழியில்லாமல் இயந்திரம் திணறுகிறது, கரண்டும் கூட இழுக்கிறது.

கரண்டை அணைத்துவிட்டு, தோட்டத்து ஹோஸால் மெல்லிய வேகத்தில் தண்ணீர் விட்டாலே பாதி போய்விடும். வண்டி கழுவும் பம்பை நேருக்கு நேர் பிடித்தால் தகடு மடங்கிவிடும். உள் ஃபில்டரை அறுவடை மாதங்களில் வாரம் ஒரு முறையும் மற்ற நாட்களில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறையும் குழாய்த் தண்ணீரில் கழுவி நிழலில் காயவையுங்கள்.

ஒவ்வொரு சித்திரைக்கும் கேஸ் போடச் சொல்கிறார்கள். ஏசியில் கேஸ் தீர்ந்து போகுமா?

போகாது. சமையல் சிலிண்டர் மாதிரி எரிந்து தீரும் பொருள் இல்லை அது. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருகிறது. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். கசிவைத் தேடாமல் வருஷா வருஷம் நிரப்புகிறவர் அடுத்த வருஷ வருமானத்தையும் சேர்த்து உறுதி செய்துகொண்டு போகிறார்.

சரியான வேலை என்றால் மிச்ச கேஸை முறையாக எடுத்துவிட்டு, நைட்ரஜன் ஏற்றி, சோப்பு நுரை வைத்துக் கசியும் இடத்தைக் கண்டுபிடித்து, பற்றவைத்து, வாக்யூம் பம்பால் காற்றையும் ஈரத்தையும் இழுத்து, எடை பார்த்து கேஸ் ஏற்ற வேண்டும். இப்போது வரும் ஆர்-32 கேஸ் லேசாகத் தீப்பிடிக்கும் வகை, ஆர்-290 என்பது புரோபேனேதான். உள்ளே கேஸை வைத்துக்கொண்டு பற்றவைக்கிறவரைத் தடுத்து நிறுத்துங்கள்.

நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, தரங்கம்பாடி, காரைக்கால் பக்கம் உப்புக் காற்று காயிலை அரிக்கும். கடலைவிட்டுத் தள்ளியிருக்கும் ஊர்களில் வேறு எதிரி இருக்கிறது. செப்டிக் டேங்க் காற்றுக் குழாய்க்கும் திறந்த சாக்கடைக்கும் பக்கத்தில் அவுட்டோர் யூனிட் இருந்தால், அங்கிருந்து வரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு செம்புக் குழாயைக் கறுக்க வைத்து அரித்துவிடும். குழாய் கறுத்திருந்தால் யூனிட்டை இடம் மாற்றுங்கள். புதுக் காயில் போட்டாலும் அதே கதிதான்.

தாத்தா காலத்து வீடு: சுண்ணாம்புச் சுவர், மெட்ராஸ் டெரஸ். டக்ட் போடலாமா?

போடலாமா என்றால் போடலாம். நான் சிபாரிசு செய்ய மாட்டேன். முற்றமும் ரேழியும் உள்ள வீடு காற்றை மேலே விடுவதற்காகக் கட்டப்பட்டது. முற்றத்துக்குக் கண்ணாடி போட்டு, ஜன்னலை அடைத்து, பரணில் டக்டை ஓட்டினால் ஈரம் வெளியே போக இடமில்லை. படுக்கை அறை ஒன்றுக்கு மட்டும் ஸ்பிளிட் போதும்.

மெட்ராஸ் டெரஸில் தேக்கு விட்டங்களுக்கு மேலே செங்கலைச் சாய்வாக, குத்துக்கல்லாக வைத்துச் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியிருப்பார்கள். அந்தச் செங்கலில் ஆணி போல்ட் அடித்து டக்டைத் தொங்கவிட்டால் கல் கழன்று வரும். சுவரிலிருந்து சுவருக்கு இரும்புச் சட்டம் வைத்து அதில் தொங்கவிட வேண்டும். கரையான் பிடித்த விட்டம் என்றால் முதலில் ஆசாரியைக் கூப்பிடுங்கள். பைப்புக்கு ஓட்டை போட கோர் கட்டர் மிஷின் வேண்டும், சுத்தியலும் உளியும் சுண்ணாம்புச் சுவருக்கு ஆகாது.

ஏசி போட்ட அறையில் உட்சுவருக்கு பிளாஸ்டிக் எமல்ஷன் அடிக்காதீர்கள். சுவருக்குள் இருக்கும் ஈரம் வெளியே வர வழியில்லாமல் கொப்புளமாக உப்பும். சுண்ணாம்பே நல்லது. பின்கட்டில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை இருந்தால் அதில் கட்டிங் மிஷின் வைத்துக் குழாய்க்கு வழி வெட்ட விடாதீர்கள். அந்தத் தூசி நுரையீரலுக்கு நிரந்தரக் கேடு.

ஆட்டோ கிளீன் சிம்னி வாங்கியும் சமையல் புகை வீட்டுக்குள்ளேயே சுற்றுகிறது.

சிம்னி தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும் பகுதி புளோயர் மட்டும்தான். அதற்கு மேலே போகும் அலுமினியக் குழாயை அது தொடாது. நம் வீட்டுத் தாளிப்பும் மீன் வறுவலும் அங்கேதான் போய்ப் படிகின்றன. குழாயைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்தால் தேன் மாதிரி கறுப்பு எண்ணெய் வழியும். மடிப்பு மடிப்பான குழாயை உள்ளே தேய்க்க முடியாது. புதுசு போடுவது மலிவு, தீப்பிடிக்கும் ஆபத்தும் குறையும்.

6 அங்குலக் குழாயை 4 அங்குல ஓட்டைக்குள் நுழைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். இந்தப் புகாரில் வரும் வீடுகளில் இதை அடிக்கடி பார்க்கலாம். வளைவு ஒன்றோடு நிற்கட்டும், வெளிமுனையில் தானாக மூடும் மூடி இருக்கட்டும். குழாயை ஃபால்ஸ் சீலிங்குக்குள்ளேயே விட்டுவிடுவது மகா தவறு. குழாயே இல்லாத மாடல் என்றால் அதன் கரி ஃபில்டரைக் கழுவிப் பயனில்லை, சில மாதத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். பேஃபில் ஃபில்டரை (எண்ணெயைப் பிடிக்கும் உலோகத் தட்டு) வெந்நீரில் பாத்திரம் கழுவும் சோப்பு போட்டு ஊறவைக்கலாம். காஸ்டிக் சோடா வேண்டாம், அலுமினியத்தைத் தின்றுவிடும்.

குளியலறையில் கேஸ் கீசர் இருக்கிறது. எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டால் போதுமா?

போதாது. கீசரைக் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமான இடத்துக்கு மாற்றுங்கள். மூடிய அறையில் எரியும் கேஸ் கார்பன் மோனாக்சைடை உண்டாக்கும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. குளிக்கப் போனவர் மயங்கி இறந்த செய்திகள் பேப்பரில் வந்துகொண்டேதான் இருக்கின்றன. வேறு எந்த வேலையைத் தள்ளிப் போட்டாலும் இதைத் தள்ளாதீர்கள்.

புயலில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. நனைந்த டக்டைக் காப்பாற்றலாமா?

2018 நவம்பர் 16 அன்று கஜா கரை கடந்தபோது வேதாரண்யம், முத்துப்பேட்டை, பட்டுக்கோட்டைப் பக்கம் கூரை பிய்ந்து சீலிங்குகள் ஊறின, கரண்டும் பல நாள் இல்லை. நனைந்த பொருளில் 24 முதல் 48 மணி நேரத்தில் பூஞ்சை தொடங்கிவிடும் என்பது கணக்கு. வெறும் தகரமாக இருந்தால் கழுவி, துடைத்து, உலர்த்திக் காப்பாற்றலாம். பஞ்சு, ஃபிளெக்சிபிள் குழாய், ஜிப்சம் சீலிங் எல்லாம் குப்பைக்கு. மின் பாகங்களை ஒருவர் சோதிக்காமல் ஸ்விட்ச் போடாதீர்கள். கழற்றுவதற்கு முன் படம் எடுத்து வையுங்கள், இன்சூரன்ஸ் இருந்தால் தேவைப்படும்.

நாங்கள் சிங்கப்பூரில் இருக்கிறோம். வீடு பத்து மாதம் பூட்டியே கிடக்கிறது.

பூட்டிய வீட்டில் டக்ட் கெடுவது ஓடாததால்தான். ஐப்பசி முதல் மார்கழி வரை மாதம் இரண்டு நாள் யாராவது ஜன்னலைத் திறந்து, மின்விசிறியையும் ஏசியையும் ஓரிரண்டு மணி நேரம் ஓட்டச் சொல்லுங்கள். நிறுத்தும் முன் கடைசி அரைமணி வெறும் ஃபேன் மோடில் ஓடினால் காயில் காய்ந்துவிடும். மாமனாரோ அண்ணனோ பக்கத்தில் இருந்தால் சாவியோடு இந்தக் குறிப்பையும் கொடுத்துவிட்டுப் போங்கள். வந்து இறங்கிய ராத்திரியே ஏசியைப் போட்டுப் படுக்காமல், முதலில் ஃபில்டரைக் கழுவி, ஜன்னலைத் திறந்து வைத்து ஒரு மணி நேரம் ஓட்டுங்கள்.

பழைய டக்டைப் பழுது பார்க்கலாமா, மொத்தமாக மாற்றலாமா?

தகரத்தில் பொத்தல் துரு இல்லாவிட்டால் பழுது பார்ப்பதே லாபம். மூட்டுகளைச் சீலன்ட் பூசி, அதன்மேல் நல்ல அலுமினிய ஃபாயில் டேப் ஒட்டினால் காற்றுக் கசிவு நிற்கும். கடையில் டக்ட் டேப் என்று விற்கும் துணி டேப்பை டக்டுக்குப் பயன்படுத்தாதீர்கள். சூட்டில் பசை காய்ந்து உரிந்துவிடும். கான்வாஸ் இணைப்பு, டேம்பர் (காற்றைக் கூட்டிக் குறைக்கும் தகடு) கைப்பிடி, தொங்கும் கம்பி ஆகியவற்றைக் கையோடு மாற்றிவிடுங்கள். அடித்தகடு முழுக்கத் துரு ஏறி, ஆணியால் குத்தினால் உள்ளே போகிறது என்றால் யோசிக்காமல் மாற்ற வேண்டியதுதான். அப்போது வீட்டில் எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். பிள்ளைகள் வெளியூர் போய்விட்ட வீட்டில் டக்டை எடுத்துவிட்டு இரண்டு ஸ்பிளிட் மாட்டிக்கொள்வது மலிவாக முடியும்.

எவ்வளவு கேட்பார்கள்? எப்படிப் பேசுவது?

வீட்டைப் பார்க்காமல் போனிலேயே தொகை சொல்கிறவரை விட்டுவிடுங்கள். டக்டின் நீளம், கிரில்களின் எண்ணிக்கை, சீலிங்கில் கழற்ற வேண்டிய பலகைகள், இவற்றை வைத்துத்தான் கணக்கு. சுத்தம் தனி, இன்சுலேஷன் சதுர அடிக்கு, சீலிங் வேலை தனி என்று பிரித்து எழுதி வாங்குங்கள். சீலிங்கை யார் திரும்ப மூடுவது என்பதை முன்பே பேசிக்கொள்ளுங்கள். சண்டை வருவது அங்கேதான். முழுப் பணத்தையும் முன்னால் கொடுக்க வேண்டாம். ஒரு நாள் முழுக்க ஏசி ஓடி, சொட்டு இல்லை என்று பார்த்த பிறகு மீதியைக் கொடுங்கள்.

எந்த மாதத்தில் வேலை வைத்துக்கொள்ளலாம்?

சம்பா அறுவடைத் தூசி அடங்கிய பிறகு, மாசிக் கடைசியில் அல்லது பங்குனித் தொடக்கத்தில். அடைமழையில் இன்சுலேஷன் ஒட்டினால் பசை பிடிக்காது. சித்திரையில் எல்லாரும் கூப்பிடுவார்கள், ஆள் கிடைக்காது. கிடைத்தாலும் அவசர வேலைதான். வைகாசி முகூர்த்தத்துக்கு வீட்டில் கல்யாணம் வைத்திருந்தால் இன்னும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சீலிங்கைக் கழற்றி மாட்டி, பெயின்ட் டச்சப் முடிய ஒரு வாரமாவது பிடிக்கும், பந்தல்காரர் வந்த பிறகு ஏணி போட இடம் இருக்காது.